ஸ்விங் திருத்த வாங்கிய சாமான்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் ஸ்விங்கைத் திருத்துவதற்கென்று நான் வாங்கிப் பாவித்த சாமான்களில் மிக மலிவானது உடற்பயிற்சிக்கு இழுக்கிற ரப்பர் பாண்ட், அதுதான் எல்லாவற்றையும் விட அதிகம் வேலை செய்தது. அதற்கு அடுத்தது தரையில் போடும் இரண்டு நீளக் குச்சி. அப்புறம் ஆரஞ்ச் விப் என்ற வளைகிற பயிற்சித் தண்டு. மெடிசின் பந்து, அதாவது எறிந்து பழகும் பாரப் பந்து, நல்ல சாமான், ஆனால் அதை எறிய இடம் வேண்டும். வேகமாக வீசிப் பழகும் வேகக் குச்சிகளை இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்றுதான் கேட்கிறவர்கள் எல்லாருக்கும் சொல்கிறேன், காரணம் கீழே வரும்.

என் நிலைமை உங்களுடையதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். கோட்டையில் மேசை வேலை, வெள்ளவத்தையில் வீடு, போக வரக் காலி வீதி நெரிசலில் காருக்குள் உட்கார்ந்திருப்பது வேறு. வயது நாற்பதைத் தாண்டியாயிற்று, ஹேண்டிகாப் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) இருபதுக்கு மேல், வலது கைக்காரன். தூர அடிக்குப் பாவிக்கும் ட்ரைவரை எடுத்தால் பந்து இடப்பக்கம் புறப்பட்டு வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விடும். பதினெட்டுக் குழியும் முடித்துவிட்டு வந்தால் அடுத்த நாள் நாரி பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் வேர் ஒன்று என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்கா எனக்கு உட்காரவைத்து விளக்கினார், அதற்குப் பிறகுதான் எதை வாங்குவது என்பதில் ஒரு தெளிவு வந்தது.

அவர் சொன்னது இதுதான். நாரியில் இருக்கும் ஐந்து முள்ளெலும்பும் சேர்ந்து ஒரு பக்கம் திரும்பக்கூடியது பத்துப் பதினைந்து பாகைக்குள்தான். மேல்முதுகு முப்பதைத் தாண்டும். மிச்சத்தை இடுப்பு மூட்டுத் தர வேண்டும். முழு பேக்ஸ்விங்கில், அதாவது அடிக்கும் மட்டையான கிளப்பைப் பின்னுக்குத் தூக்கும்போது, தோள் 90 பாகை, இடுப்பு 45 பாகை திரும்ப வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள் அல்லவா, நாள் முழுக்கக் கதிரையில் கூனி இருந்த உடம்பில் மேல்முதுகும் இடுப்பு மூட்டும் இறுகிப்போயிருக்கும், அப்போது கை மட்டும் மேலே எழும்பும், குறைகிற திருப்பத்தை நாரி கொடுக்க வேண்டி வரும். இறங்கும்போது இடுப்பு வழிவிடாது, வலது தோள் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வரும், கிளப் வெளியிலிருந்து உள்ளுக்கு வெட்டும், அதோடு கிளப்பின் முகமும் அந்தப் பாதைக்கு வலப்பக்கம் பார்த்துத் திறந்திருந்தால் ஸ்லைஸ், அதுதான் அந்த வலப்பக்க வளைவு. நாரியும் அங்கேதான் அடிவாங்குகிறது.

இது ஒருவருடைய தனிக் கருத்து இல்லை. 2003இல் கலிபோர்னியாவில் கிரெக் ரோஸும் டேவ் பிலிப்ஸும் தொடங்கிய டைட்டலிஸ்ட் பெர்ஃபோமன்ஸ் இன்ஸ்டிடியூட் முழுவதும் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது: முதலில் உடம்பு எதைச் செய்யக்கூடியது என்று சோதி, பிறகு ஸ்விங்கைத் தொடு. அவர்களுடைய சோதனைகளில் ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். ஒரு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து முழங்காலையும் பாதத்தையும் ஒட்டி வைத்து, ஒரு கிளப்பை மார்புக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, இடுப்பை அசைக்காமல் இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். 45 பாகையைத் தொட முடியவில்லை என்றால் புது ட்ரைவர் வாங்கும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எனக்கு இடப்பக்கம் சரியாக வந்தது, வலப்பக்கம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

சரி, பாண்டுக்கு வருகிறேன். இரண்டு வகை வாங்கினால் போதும்: முழங்காலுக்கு மேலே மாட்டும் குட்டை வளையம் ஒன்று, ஆளுயரத்துக்கு இழுபடும் நீளப் பாண்ட் ஒன்று. கடினமானது வேண்டாம், மெல்லியதாக எடுங்கள், ஏனென்றால் இங்கே தேவை அசைவு, பாரம் இல்லை. குட்டை வளையத்தை மாட்டிக்கொண்டு அரைக்குந்தில் பக்கவாட்டாக நடப்பது, அப்புறம் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்கி நிறுத்துவது, இந்த இரண்டும் பிட்டத் தசையை எழுப்பும். பிட்டத் தசை வேலை செய்யாதவருடைய நாரிதான் அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

நீளப் பாண்டை நெஞ்சுயரத்தில் கட்டி, பக்கவாட்டாக நின்று, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்து மெதுவாக நேரே முன்னுக்கு நீட்ட வேண்டும். பாண்ட் உங்களைத் தன் பக்கம் திருப்பப் பார்க்கும், நீங்கள் திரும்பக் கூடாது. பாலோஃப் பிரஸ் என்று சொல்வார்கள். பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் சரியாகச் செய்தால் கொஞ்ச நேரத்திலேயே வயிற்றின் பக்கத் தசை நடுங்கத் தொடங்கும். கதவில் கட்டுகிறவர்கள் கதவு உங்கள் பக்கம் திறக்காத பக்கமாக நின்று கட்டுங்கள், பூட்டியும் வையுங்கள். இழுபட்ட பாண்ட் கழன்று முகத்தில் அடித்தால் விளையாட்டில்லை.

பாண்டே தேவையில்லாத ஒன்று இருக்கிறது, அதுதான் என் வலப்பக்கத் திருப்பத்தைத் திருப்பித் தந்தது. பக்கவாட்டாகப் படுத்து, இரண்டு முழங்காலையும் நெஞ்சுப் பக்கம் மடக்கி, அவற்றுக்கு நடுவே ஒரு தலையணையை வைத்து இறுக்கிக்கொண்டு, மேலே இருக்கும் கையைப் புத்தகம் திறக்கிற மாதிரி மறுபக்கம் கொண்டுபோய் விரிக்க வேண்டும். முழங்கால் தலையணையை விட்டு எழும்பக் கூடாது. மூச்சை வெளியே விடும்போது கை இன்னும் கொஞ்சம் தரைக்குக் கிட்டப் போகும். முதல் சில கிழமைகளில் என் கைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது, இப்போது புறங்கை பாயில் படுகிறது. இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது, ஏனென்றால் அதே காலத்தில்தான் நாரிப் பிடிப்பும் குறைந்தது.

இந்த இடத்தில் ஜிம்மைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதலில் நான் சேர்ந்தது வீட்டுக்குக் கிட்ட இருந்த ஒரு ஜிம்மில், பெயர் வேண்டாம். கோல்ஃபுக்காக வந்திருக்கிறேன், நாரி நோகிறது என்று தெளிவாகச் சொன்ன பிறகும் எல்லாருக்கும் கொடுக்கிற அதே அட்டையைக் கையில் கொடுத்தார்கள்: நெஞ்சுக்கு பெஞ்ச் பிரஸ், வயிற்றுக்கு சிட்டப். திருப்பத்துக்கு ஒன்றுமில்லை, ஒற்றைக் காலில் நிற்கிற பயிற்சி ஒன்றுமில்லை. நெஞ்சுத் தசை மட்டும் இறுகினால் தோள் முன்னுக்கு உருண்டு மேல்முதுகு இன்னும் கூனும். நீங்கள் கட்டணம் கட்டும் இடத்தில் பயிற்சியாளர் முதல் நாளே உங்களைக் குந்தச் சொல்லி, திரும்பச் சொல்லி, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்க்கவில்லை என்றால், தயவுசெய்து கேள்வி கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

அடுத்தது குச்சிகள். அலைன்மென்ட் ரொட் என்று கண்ணாடி இழையில் செய்து விற்கிறார்கள், வாங்கினால் நல்லது, வாங்காவிட்டாலும் பாதகமில்லை. பழைய சோனகத் தெருவில் எந்த ஹாட்வெயார் கடையிலும் வயர் இழுக்கிற மெல்லிய பிவிசி குழாய் கிடைக்கும், நாலடி அளவில் இரண்டு துண்டு வெட்டித் தரச் சொன்னால் வேலை முடிந்தது. நிலத்தில் குத்தி நிறுத்த மட்டும் அது உதவாது.

ஒரு குச்சியைப் பாதத்துக்கு முன்னால் இலக்கை நோக்கிப் போடுவது எல்லாரும் செய்கிறதுதான். நான் அதை விட அதிகம் பாவிப்பது கதிரை டிரில் என்ற பயிற்சிக்கு. வீட்டுக் கதிரையைப் பின்னால் போட்டு, பந்து அடிக்கும் நிலையில் நிற்கும்போது பிட்டம் இரண்டும் கதிரையின் முதுகில் லேசாகத் தொட வேண்டும். பேக்ஸ்விங்கில் வலது பிட்டம் இன்னும் கொஞ்சம் அழுத்தும். இறங்கும்போது இடது பிட்டம் பின்னுக்கு வந்து அதே இடத்தைத் தொட வேண்டும். பந்தை நோக்கி இடுப்பு முன்னுக்குப் பாய்கிறவர்களுக்குக் கதிரை முற்றாக விட்டுப்போகும், அந்த நிமிடமே தெரிந்துவிடும், கோச் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. தோளுக்குக் குறுக்கே குச்சியைப் பிடித்துக்கொண்டு கிளப் இல்லாமல் மெதுவாகச் செய்தால், தோள் எவ்வளவு திரும்புகிறது, குச்சி பந்துப் பக்கம் சரிகிறதா என்பதும் கண்ணாடியில் தெரியும்.

பந்தடித்துப் பழகும் ரேஞ்சில் ஸ்லைஸுக்கு: ஒரு துவாயைச் சுருட்டி, பந்துக்கு ஒரு சாண் பின்னால், உங்களிடமிருந்து விலகிய பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கிளப் வெளியிலிருந்து வந்தால் முதலில் துவாயில்தான் படும். குச்சியை அங்கே வைக்காதீர்கள், தெறிக்கும். நடுத்தரத் தூரத்துக்கான 7 அயர்ன் கிளப்போடு, இடுப்புயரத்திலிருந்து இடுப்புயரம் வரை அரை ஸ்விங்கில் தொடங்குங்கள். முழு வேகத்தில் இந்த டிரிலைச் செய்து பழக முடியாது, உடம்பு பழைய வழிக்கே போய்விடும்.

கீழிருந்து மேலே என்ற ஒழுங்கு பிடிபடுவதற்கு ஸ்டெப் டிரில். கால் இரண்டையும் ஒட்டி வைத்துத் தொடங்கி, கிளப் இன்னும் பின்னுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே இடது காலை இலக்குப் பக்கம் எடுத்து வைத்து, அதன் மேல் பாரம் இறங்கிய பிறகு அடிப்பது. உடுப்பைக் கல்லில் அடித்துத் தோய்க்கிறவர்களைப் பாருங்கள், கால் ஊன்றி, இடுப்புத் திரும்பி, தோள் வந்து, கடைசியில்தான் துணி வந்து விழும், சத்தமும் அப்போதுதான். ஸ்விங்கிலும் இடுப்பு, மார்பு, கை, கிளப் என்று ஒன்று வேகமெடுத்துத் தளரும்போது அடுத்ததற்கு வேகம் போகிறது. பந்தும் கிளப்பும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய ஒரு வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான், அந்த நேரத்தில் கையால் எதையும் திருத்த முடியாது, திருத்தக்கூடியதெல்லாம் அதற்கு முன்னால்.

இதை எனக்கு முதலில் சொன்னது புத்தகமோ வீடியோவோ இல்லை, ரோயல் கொழும்பில் நண்பரோடு விருந்தினராக விளையாடப் போன ஒரு காலையில் பையைத் தூக்கிய வயதான கேடி ஐயா. நுவரெலியாப் பக்கத்து ஆள். அந்த மைதானத்துக்கு நடுவால் களனிவெளி ரயில் பாதை போகிறது, தெரிந்திருக்கும். ரயில் போகட்டும் என்று நின்ற நேரத்தில், "தம்பி, கையை அவசரப்படுத்தாதீங்க, காலு போனா கை தன்னால வரும்" என்றார். சொல்லிவிட்டு வெறுங்கையால் ஒரு ஸ்விங் செய்து காட்டினார். முழங்கால் அசைந்து, இடுப்புத் திரும்பி, கை கடைசியாக வந்தது. 1879இல் காலிமுகத்திடலில் தொடங்கிய கழகம் அது, பிறகுதான் பொரளைக்கு வந்தது. இவரைப் போன்ற கேடிகளிடம் சேர்ந்திருக்கும் அறிவை யாராவது உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

ஆரஞ்ச் விப் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். வளைகிற தண்டு, ஒரு நுனியில் ஆரஞ்சு நிறப் பந்து, பிடியின் பக்கம் எதிர்ப்பாரம். நிற்காமல் முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே போனதும் கையால் வெடுக்கென்று இழுத்தால் தண்டு வளைந்து பந்து தள்ளாடும், உடம்பால் திருப்பினால் ஓசைப்படாமல் சுற்றி வரும். டெம்போவுக்கு, அதாவது ஸ்விங்கின் தாளத்துக்கு, இதை விட நல்ல சாமான் நான் பாவித்ததில்லை. இந்தியச் சுற்றில் வென்று வந்த நம் என். தங்கராஜா, மிதுன் பெரேரா போன்றவர்கள் ஆடுவதைப் பார்க்கக் கிடைத்தால் தூரத்தைப் பார்க்காதீர்கள், மேலே போவதற்கும் கீழே வருவதற்கும் எடுக்கிற நேரத்தைப் பாருங்கள். நல்ல ஆட்டக்காரர்களிடம் அது மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்குக் கிட்ட இருக்கும் என்று சொல்வார்கள். போனில் தாளம் தட்டும் இலவச மெட்ரோனோம் ஒன்றைப் போட்டு, மூன்று தட்டில் மேலே, ஒரு தட்டில் கீழே என்று விப்போடு சேர்த்துப் பழகினேன், இரண்டும் நன்றாகப் பொருந்தின.

குறை என்றால் விலை, அப்புறம் நீளம். முழு நீள விப்பை ஃபிளாட்டுக்குள் ஆட்டினால் மின்விசிறி தப்பாது. மொட்டை மாடியோ பார்க்கோ வேண்டும், இல்லையென்றால் குட்டை மொடலை எடுக்க வேண்டும். எனக்கு வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்தார், அப்படி ஆள் இருந்தால் அதுதான் லேசான வழி.

மெடிசின் பந்து: இரண்டு மூன்று கிலோ போதும், அதற்கு மேல் போனால் அசைவு மெதுவாகிவிடும். பக்கவாட்டாக நின்று இடுப்பிலிருந்து திருப்பி எறிவதுதான் பயிற்சி. இப்படி எறியக்கூடிய தூரத்துக்கும் கிளப்பின் வேகத்துக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள், செய்து பார்த்தால் உங்களுக்கும் ஏன் என்று விளங்கும். ஆனால் ஃபிளாட் சுவரில் எறிந்தால் பக்கத்து வீட்டார் வருவார்கள். நான் விடிய வேளையில் விகாரமகாதேவி பூங்காவில் மகனோடு மாறி மாறி எறிகிறேன். ஆள் துணை இல்லாதவர்கள் இதை விட்டுவிட்டுப் பாண்டோடு நிற்கலாம்.

இனி வேகக் குச்சிகள். மூன்று குச்சி வரும், ட்ரைவரை விட ஒன்று 20 சதவீதம் இலகு, ஒன்று 10 சதவீதம் இலகு, ஒன்று 5 சதவீதம் பாரம். முழு பலத்தோடு வீசி உடம்புக்கு வேகத்தைப் பழக்குவது நோக்கம். தத்துவம் சரி, நல்ல அசைவு உள்ளவர்களுக்குப் பலன் தருகிறது. ஆனால் திருப்பம் இறுகிய உடம்போடு முழு பலத்தில் வீசினால் அந்த வேகம் முழுக்க நாரியில் போய் இறங்கும். எனக்கு முதல் கிழமையிலேயே நோ தொடங்கியது, அக்காவிடம் காட்டினேன், அந்தச் சோதனையில் இரண்டு பக்கமும் 45 வரும் வரைக்கும் தொடாதே என்று சொல்லிவிட்டார். கோல்ஃப் ஆடும் ஆண்களுக்கு அதிகம் வருகிற காயமே நாரியில்தான். பெட்டியில் இந்த எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் கருத்து.

கிரிப் பழக்கும் பிடி, மணிக்கட்டில் மாட்டும் பட்டை, இவற்றையும் பார்த்தேன். தேவையில்லை.

காசே இல்லாமல் கிடைக்கிற நல்ல சாமான் உங்கள் போன். இப்போது நிறையப் போன்களில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கிறது. கையின் உயரத்தில், ஒன்று பின்னாலிருந்து இலக்கு நோக்கி, ஒன்று நேர் முன்னால், இந்த இரண்டு கோணம் போதும். ஒரே இடத்திலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் போன மாதத்தோடு ஒப்பிட முடியாது.

ஆட்டத்துக்கு முன்னால் செய்வதையும் மாற்றினேன். அசையாமல் பிடித்து நிற்கும் நீட்டல்களை நீண்ட நேரம் செய்துவிட்டு உடனே அடித்தால் கிளப்பின் வேகம் குறையும், அவற்றை இரவுக்கு வைத்துவிட்டேன். முதல் குழியின் தொடக்க இடமான டீயில் அடிக்க முன்னால் கால் வீசல், குந்தி எழும்புதல், கிளப்பைத் தோளில் வைத்துத் திரும்புதல், மெல்லிய பாண்டை இரண்டு கையாலும் விரித்தல், அவ்வளவுதான். கொழும்பு வெக்கையில் பத்து நிமிடத்திலேயே உடம்பு சூடேறிவிடும், அதற்கு மேல் செய்து வியர்வையில் களைத்துப்போக வேண்டாம். தண்ணீர் இரண்டு போத்தல் எடுங்கள், ஒன்றில் கொஞ்சம் உப்பும் தேசிக்காயும்.

பலன் என்ன என்று கேட்டால், ஸ்லைஸ் முற்றாகப் போகவில்லை. வலப்பக்கம் கொஞ்சம் வளைந்து, ஃபேர்வே என்கிற வெட்டிய புல்தரையின் ஓரத்தில் பந்து நிற்கிறது, களைத்துப்போகும் கடைசி நாலைந்து குழியில் பழையபடி வரும். நாரிப் பிடிப்பு இப்போது அரிது. எனக்கு அதுவே பெரிய காரியம், அடுத்த நாள் வேலைக்கு நிமிர்ந்து போகிறேன்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ரப்பர் பாண்டைக் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள், வெயில் சூட்டிலும் கடல் காற்றிலும் ரப்பர் வெடிக்கும். வீட்டுக்குள் நிழலில் முகப்பவுடர் கொஞ்சம் தூவி வையுங்கள், பாவிக்க முன்னால் ஒவ்வொரு முறையும் இழுத்து வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். அடுத்தது, போட்டி ஆடுகிறவர்கள் விப்பையும் குச்சியையும் மைதானத்துக்குள் எடுத்து ஆட்டாதீர்கள். சுற்று நடக்கும்போது பயிற்சிச் சாமானால் பயிற்சி ஸ்விங் செய்வது விதி 4.3படி தவறு, முதல் தடவை தண்டம், இரண்டாம் தடவை நீக்கம். உடம்பை நீட்டுவதற்கு மட்டும் பாவிக்கும் பாண்டுக்கு அந்தத் தடை இல்லை, பையில் தைரியமாக வைத்துக்கொள்ளலாம்.